கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை: ரெஸ்க்யூ கோர்ஸ் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. திருப்பூரில் பள்ளி ஆசிரியை. எடை 54 கிலோ. நானும் கணவரும் சில வருடங்களாக விடுமுறைக்கு ஸ்கூபா டைவிங் போகிறோம். இருவரும் அட்வான்ஸ்டு கோர்ஸ் வரை முடித்தாயிற்று. எனக்கு 26 டைவ், அவருக்கு 19. கடந்த பிப்ரவரியில் அந்தமான் ஹாவ்லாக் போயிருந்தோம். அவர் தண்ணீரில் இறங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காற்று ஏற்றி மிதக்க உதவும் ஜாக்கெட் வாடகைக்கு எடுத்தது. கீழே இறங்குவதற்காக இடுப்பில் எட்டு கிலோ ஈயம் கட்டினார்கள். "வெயிட் ஜாஸ்தியா இருக்கு போல" என்று முதல் டைவ் முடிந்ததும் சொன்னார். யாரும் கண்டுகொள்ளவில்லை, நானும்தான். இரண்டாவது டைவில் 14 மீட்டர் வரை போனோம். மேலே வருமுன் சில நிமிடம் நிற்கிற சேஃப்டி ஸ்டாப்பில், டேங்க்கில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு 110 பார் காற்று மிச்சம், அவருக்கு 50. மேலே வந்ததும் மூச்சு இழுக்கும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்தார். ஒரு அலை முகத்தில் அடித்தது. தண்ணீரைக் குடித்துவிட்டார். மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு கையாலும் தண்ணீரை அடிக்க ஆரம்பித்தார். கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் இருந்தேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்களைக் கூட்டிப்போன டைவ் மாஸ்டர் வந்து அவர் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றி, "சும்மா மல்லாந்து படுங்க சார்" என்றார். மொத்தமே இருபது விநாடிதான். கணவர் அதைச் சிரித்துக்கொண்டே எல்லோரிடமும் சொல்கிறார். எனக்குத் தூக்கத்தில் வருகிறது. ஆபத்தில் இருக்கும் டைவரைக் காப்பாற்றக் கற்றுத்தரும் ரெஸ்க்யூ கோர்ஸ் எடு என்கிறாள் தோழி ஒருத்தி. கணவர், "நாம என்ன கோஸ்ட் கார்டா?" என்கிறார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு 86 கிலோ மனிதரை நான் இழுக்க முடியுமா? தப்பாக எதையாவது செய்து உயிருக்கு உலை வைத்துவிட்டால்? சான்றிதழ் வாங்கிவிட்டால் பொறுப்பு என் தலையில் விழுமா? மே விடுமுறையில் சேரலாமா என்று யோசிக்கிறேன்.
(வாசகி, திருப்பூர்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

கோர்ஸை எடுங்கள். ஆனால் மே மாதமே போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கிறது. முதலில் அந்த இருபது விநாடியைப் பேசிவிடுவோம். உங்கள் கேள்விகள் எல்லாமே அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

தொடும் தூரத்தில் இருந்தும் தொடவில்லை என்று உங்களையே நொந்துகொள்கிறீர்கள். தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்கிறேன். மூச்சுக்குத் தவிப்பவருக்கு எதிரே வருவது மனைவியா மரக்கட்டையா என்று தெரியாது. கைக்கு எது அகப்படுகிறதோ அதன் மேல் ஏறுவார். அவர் 86 கிலோ, இடுப்பில் எட்டு கிலோ ஈயம், முதுகில் டேங்க். நேராக முன்னால் போய்க் கையை நீட்டியிருந்தால் உங்கள் தலையை அழுத்தித்தான் அவர் மேலே வந்திருப்பார். டைவ் மாஸ்டருக்கு ஒரு வேலை இரண்டாகியிருக்கும். கை ஓடாமல் நின்றது உங்கள் இருவருக்கும் நல்லதாகப் போயிற்று. கோர்ஸில் முதலில் சொல்லித் தருவதும் அதுதான்: தள்ளி நில், உன் ஜாக்கெட்டில் காற்றை ஏற்றிக்கொள், பிறகு பேசு.

பேசுவது மட்டும் விட்டுப்போயிற்று. "ஜாக்கெட்டுக்குக் காத்து ஏத்துங்க! வெயிட்டைக் கழட்டுங்க!" என்று பெயரைச் சொல்லி அதட்டியிருந்தால், பாதிப் பேர் செய்துவிடுவார்கள். பதற்றத்தில் யோசிக்க முடியாது, ஆனால் பழகிய குரல் காதில் விழும். நீங்கள் ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற குரல் உங்களிடம் இருக்கிறது. என்னிடம் டைவிங் படிக்க வருகிற வாட்டசாட்டமான பையன்கள் பலருக்கு அது கிடையாது. தண்ணீரில் கிசுகிசுவென்று பேசுவார்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தையே எடுத்து மறுபடி படித்துப் பாருங்கள். ஒன்றரை வருட இடைவெளி, பழக்கமில்லாத வாடகை ஜாக்கெட், எட்டு கிலோ, முதல் டைவிலேயே அவர் வாயால் சொன்ன புகார், ஸ்டாப்பில் திரும்பத் திரும்பக் கேஜைப் பார்த்தது, உங்களில் பாதிகூட மிஞ்சாத காற்று. நான் எதையும் துப்பறியவில்லை, எல்லாம் நீங்கள் எழுதியவைதான். கண் பார்த்திருக்கிறது, மனம் அதைச் சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு கிலோ ஈயத்தோடு மேலே வந்தவர் ஜாக்கெட்டில் காற்று ஏற்றாமல் ரெகுலேட்டரை எடுத்தால் அடுத்து வருகிற முதல் அலை போதும். மேலே வந்ததும் "காத்து ஏத்திட்டீங்களா?" என்று ஒரு சைகை காட்டியிருந்தால் அந்த இருபது விநாடியே வந்திருக்காது. ரெஸ்க்யூ கோர்ஸில் முக்கால்வாசி இந்தச் சங்கதிதான். எஸ்.எஸ்.ஐ. என்ற டைவிங் பயிற்சி நிறுவனம் இந்தக் கோர்ஸுக்கு வைத்திருக்கும் பெயரிலேயே 'ஸ்ட்ரெஸ்' முன்னால், 'ரெஸ்க்யூ' பின்னால்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்று ஒரு அமைப்பு அமெரிக்காவில் இருக்கிறது. 1980-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. டைவர்கள் சுருக்கமாக 'டான்' என்போம். 1992 முதல் 2003 வரையிலான 947 டைவிங் மரணங்களைக் கிளறிப் பார்த்து 2008-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆரம்பம் எங்கே என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதம் காற்று போதாமல் போனதில் தொடங்கியவை. சுறாவும் இல்லை, புயலும் இல்லை. கேஜைப் பார்த்திருந்தால், பக்கத்தில் இருந்தவர் கேட்டிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். ஈய பெல்ட்டைக் கழற்றாமலே இறந்து கிடந்தவர்கள் ஏராளம். அதே ஆய்வில், ஆளைச் செயலிழக்க வைத்த பாதிப்பு எது என்று தெரிந்தவற்றில் கால்வாசிக்குமேல், 26 சதவீதம், இதயக் கோளாறு. உங்கள் கணவருக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தால் அடுத்த பயணத்துக்கு முன் ஒரு டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். டைவ் சென்டரில் கொடுக்கிற மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் நம் ஊரில் ரொம்ப அதிகம்.

சரி, இழுக்க முடியுமா?

முடியும். நிலத்தில் உங்கள் கணவரை நீங்கள் ஒரு அடி நகர்த்த முடியாது. தண்ணீரில் ஜாக்கெட் ஊதியிருந்தால் அவர் தெப்பம். தெப்பத்தை இழுக்கத் தோள்பலம் வேண்டாம், கால் நிதானமாக அடித்தால் போதும். நான் பார்த்தவரை இந்தக் கோர்ஸில் திணறுவது உயரமான, ஜிம்முக்குப் போகிற ஆண்கள்தான். பலத்தால் முடித்துவிடலாம் என்று முதல் இரண்டு நிமிடத்தில் மூச்சைச் செலவழித்துவிட்டு, மூன்றாவது நிமிடம் அவர்களையே நான் இழுக்கவேண்டி வரும்.

தத்தளிப்பவரை எப்படிப் பிடிப்பது என்று ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் கனவில் வருவது அந்தக் காட்சி என்பதால். ரெகுலேட்டர் வாயில், மாஸ்க் முகத்தில். சுற்றிக்கொண்டு பின்பக்கம் போக வேண்டும், தேவைப்பட்டால் அவர் காலுக்குக் கீழே மூழ்கிப் போய். பின்னாலிருந்து வலது கையால் டேங்க்கின் வால்வைப் பிடிக்க வேண்டும். இரண்டு முழங்காலாலும் டேங்க்கை இறுக்கிக்கொள்ள வேண்டும். பைக்கில் பின்சீட்டில் உட்கார்ந்தவர் மாதிரி இருப்பீர்கள். இப்போது அவர் எவ்வளவு வீசினாலும் கை உங்களுக்கு எட்டாது. இடது கை அவர் இடது தோள்மேலாக வந்து காற்று ஏற்றும் பொத்தானைத் தேடும். அழுத்தியதும் அவர் நெஞ்சு மேலே எழும்பும், கழுத்து தளரும், மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் உங்கள் கனவு மாறிவிடும் என்று நினைக்கிறேன்.

அதற்குள் திரும்பி உங்களைக் கட்டிப்பிடித்துவிட்டால்? மேலே போகப் போராடாதீர்கள். ஜாக்கெட் காற்றை விட்டுவிட்டுக் கீழே போங்கள். மூழ்குகிறவர் உங்களோடு வர விரும்பாத ஒரே திசை அது. பிடி தானாக விட்டுப்போகும்.

உடம்புச் சிரமம் உண்மையிலேயே இருப்பது வேறொரு பயிற்சியில். நினைவும் மூச்சும் இல்லாதவரை நீரின் மேலேயே மூச்சு ஊதிக்கொண்டு படகுவரை இழுத்து வருவது. ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஊத வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஊது. இடையில் கிடைக்கும் நான்கு விநாடியில் அவருடைய ஜாக்கெட்டின் ஒரு கொக்கியைக் கழற்ற வேண்டும், அடுத்த நான்கில் ஈயத்தை விட வேண்டும், பிறகு உங்களுடையது. எண்ணிக்கை தப்பக் கூடாது, முகம் தண்ணீருக்குள் போகக் கூடாது. எல்லோரும் முதல் தடவை கொக்கியைப் பார்த்துக்கொண்டே ஆளை முக்கிவிடுவார்கள். நான் ஆளாகப் படுத்துக்கொண்டு உப்புத்தண்ணீர் குடித்த அளவுக்கு ஒரு உப்பளமே போடலாம். ஐந்தாவது, ஆறாவது தடவையில் கை தானாக வேலை செய்ய ஆரம்பிக்கும். தபேலா வாசிக்கக் கற்றுக்கொள்வது மாதிரிதான்.

கரையேற்றுவதில் மட்டும் நீங்கள் 54 கிலோதான் என்பதை மறைக்க முடியாது. புதுச்சேரியில் நாங்கள் போவது ஃபைபர் படகு. பக்கவாட்டுச் சுவர் இடுப்பளவு உயரம். அதன் மேல் 86 கிலோவைத் தனியாகத் தூக்க என்னாலும் முடியாது. இரண்டு கயிற்றை ஆளுக்கு அடியில் கொடுத்து, மேலே இருப்பவர்கள் இழுக்க, பாயைச் சுருட்டுவதுபோல ஆளை உருட்டி ஏற்றுவார்கள். இதில் உங்கள் வேலை தூக்குவது கிடையாது. கத்தி ஆள் சேர்ப்பதும் யார் எந்தக் கயிறு என்று சொல்வதும்தான். மறுபடியும் அந்த ஆசிரியைக் குரல்.

தப்பாகச் செய்துவிட்டால் என்ற பயத்துக்கு வருகிறேன். நியாயமான பயம். நினைவோடு இருப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் ஆபத்து. பத்து மீட்டரில் நிரம்பிய நுரையீரல் காற்று மேல்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்காக விரியும், அதற்கு நெஞ்சில் இடம் இல்லை. அதனால் பதறி மேலே ஓடுகிறவரைப் பிடித்து வேகத்தைக் குறைக்கப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும். அவரோடு நீங்களும் பறக்கக் கூடாது. ஆனால் கடலடித் தரையில் நினைவின்றிக் கிடப்பவர் வேறு கதை. ரெகுலேட்டர் வாயில் இருந்தால் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். வாயிலிருந்து விழுந்திருந்தால் திரும்ப வைக்கப் போராடி நேரத்தைக் கழிக்காதீர்கள். தலையைச் சாதாரண நிலையில் தாங்கிக் கொண்டுவாருங்கள். விரியும் காற்று தானாக வெளியேறும். மூச்சு நின்றவருக்கு மேலே வருவதில் உள்ள ஆபத்து, கீழேயே கிடப்பதில் உள்ளதைவிடக் குறைவு. அரைகுறையாகச் செய்தாலும் மேலே கொண்டுவந்துவிட்டால் அவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு.

படகில் ஏற்றிய பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று டிவியில் பார்த்துவிட்டு வருகிறார்கள். அது தெருவில் திடீரென்று மாரடைப்பில் விழுபவருக்கு. நீரில் மூழ்கியவருக்குத் தேவை காற்று. முதலில் ஊதுங்கள், பிறகு 30 அழுத்தம், 2 ஊதல். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், ஐந்து ஆறு செ.மீ. ஆழத்துக்கு. விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கலாம். அதற்காக நிறுத்தாதீர்கள்.

இதனால்தான் கோர்ஸுக்கு முன் முதல் வேலையாக முதலுதவி, சி.பி.ஆர். (இப்படி நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதுவது) வகுப்பை முடியுங்கள் என்கிறேன். பி.ஏ.டி.ஐ. என்ற இன்னொரு பயிற்சி நிறுவனத்தில் ரெஸ்க்யூ சான்றிதழ் வாங்க 24 மாதத்துக்குள் அந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. டைவ் சென்டரே கோர்ஸோடு சேர்த்து ஒரு மாலையில் முடித்துத் தருவார்கள். அப்படி வேண்டாம். முன்பே தனியாகப் படித்துவிட்டுப் போனால் கடலில் இருக்கிற நாட்களைக் கடலுக்கே செலவிடலாம். அந்தப் பயிற்சி வீட்டிலும் பள்ளியிலும் உதவும். டைவிங்கையே நீங்கள் விட்டுவிட்டாலும் அது வீண் போகாது.

இரண்டாவது வேலை, நான்கைந்து சுலபமான டைவ். ஆழம் வேண்டாம், எட்டு பத்து மீட்டர் போதும். மணலைக் கலக்காமல் ஒரே மட்டத்தில் அசையாமல் நிற்கிறீர்களா, மாஸ்க்கை முழுக்கக் கழற்றி மறுபடி போடும்போது நெஞ்சு படபடக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படபடத்தால் இன்னும் இரண்டு டைவ். நம் மூச்சு நம் கையில் இல்லாதபோது இன்னொருவர் மூச்சைப் பார்க்க முடியாது. 26 டைவ் குறைச்சல் இல்லை. 100 டைவ் ஆகட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு, அது தேவையே இல்லை.

பொறுப்பு தலையில் விழுமா என்றால், ரெஸ்க்யூ இன்னும் பொழுதுபோக்கு டைவர் நிலைதான். தொழில்முறை என்பது அதற்கு அடுத்த டைவ் மாஸ்டரில் ஆரம்பிக்கிறது. படகில் இருக்கிற எல்லோருக்கும் நீங்கள் காவல் இல்லை. கற்றுக்கொண்ட அளவுக்குச் செய்யுங்கள். அதைத் தாண்டி வைத்தியம் பார்க்காதீர்கள்.

அடுத்தது கணவர். "நாம என்ன கோஸ்ட் கார்டா?" என்று அவர் கேட்டதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவமானமாக இருந்திருக்கும், சிரித்துச் சமாளிக்கிறார். ஆனால் நீங்கள் மட்டும் கோர்ஸை முடித்தால் ஒரு விசித்திரமான ஜோடி ஆகிவிடுவீர்கள். அவருக்கு ஒன்று என்றால் நீங்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கு ஒன்று என்றால் யார்? நான் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். தாத்தா சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் (அரசு கடைசியாக நடத்தியது 1961-ல்) கயிறு பிடிக்க மச்சானைத்தான் கூட்டிப்போவார்கள் என்பார்கள். கயிற்றின் அந்த முனையில் தங்கை தாலி, அசிரத்தையாக இருக்க மாட்டான் என்று கணக்கு. இதைக் கேட்கிறவர்கள் பாசத்தைப் பற்றி நெகிழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். தாத்தா அப்படி விடமாட்டார். "பாசம் இருந்தா போதுமாடே? எந்த வெட்டுக்கு இழுக்கணும்னு தெரியணும்லா?" என்பார். கயிற்றில் வரும் ஒவ்வொரு வெட்டும் ஒரு சேதி. அதைப் படிக்கத் தெரிந்தவனிடம்தான் கயிற்றைக் கொடுப்பார்கள்.

அதனால் அவரை வற்புறுத்தாதீர்கள், சி.பி.ஆர். வகுப்புக்கு மட்டும் கூட்டிப்போங்கள். அங்கே பொம்மையின் நெஞ்சை இரண்டு நிமிடம் அழுத்தியதும் பலருக்கு மனசு மாறும். அவரும் கோர்ஸில் சேர்ந்தால், பயிற்சியில் முதல் இரண்டு நாள் உங்களை வேறு வேறு ஆட்களோடு ஜோடி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். புருஷன் பெண்டாட்டி ஒன்றாகச் செய்தால் ஒன்று சிரிப்பு வரும், இல்லை சண்டை வரும். நான் இரண்டையும் நடுக்கடலில் பார்த்திருக்கிறேன்.

கோர்ஸ் எடுத்தால் பயம் கூடுமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளைக்குக் கூடும். முடித்துவிட்டு வந்த முதல் பயணத்தில் உங்களால் நிம்மதியாக மீன் பார்க்க முடியாது. அந்த அம்மாவின் டேங்க் பெல்ட் தளர்வாக இருக்கிறதே, அந்தப் பையன் படகில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறானே என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று மௌனமானால் அவரிடம் போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவீர்கள். அதுவும் ரெஸ்க்யூதான், யாருக்கும் தெரியாது.

எங்கே படிப்பது என்பதில்தான் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். நான் இந்தக் கோர்ஸை எடுத்தது பல வருடத்துக்கு முன், இரண்டே நாளில். பெயர் வேண்டாம். 'காணாமல் போனவரைத் தேடு' என்ற பயிற்சியில் "ஆளைக் காணோம்!" என்று யாரோ கத்தியதும் காலில் ஃபின்னைக்கூட மாட்டாமல் குதித்தேன். கடலடிப் பாறையின் இடப்பக்கமெல்லாம் பத்து நிமிடம் தேடினேன். காணாமல் போனவர் பக்கத்துப் படகில் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக எங்கே, எப்போது பார்த்தீர்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். கொடுத்திருக்கக் கூடாது.

அடுத்த வருடம் அதே இடத்தில் வேலை பார்த்தேன். ஒருவர் டைவ் முடிந்து படகில் ஏறியதும் கை மரத்துப்போகிறது என்றார். அழுத்தம் குறைந்ததில் வருகிற கோளாறாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: படுக்க வை, நூறு சத ஆக்சிஜன் கொடு, டாக்டரைக் கூப்பிடு. பச்சைப் பெட்டி ஓடத்தின் முன்பக்கம் இருந்தது. திறந்தேன். சிலிண்டர் இருந்தது, குழாய் இருந்தது, மாஸ்க் இருந்தது. சிலிண்டரைத் திறக்கிற சாவி இல்லை. கரையில் அலுவலக மேசை இழுப்பறையில் இருந்தது, திருட்டுப் போகாமல் பத்திரமாக. நாற்பது நிமிடம், கரை வரும்வரை, மூடிய சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் பிழைத்துக்கொண்டார், கையும் சரியாயிற்று. அந்த வேலையை அந்த மாதமே விட்டேன்.

ஆகவே போன் செய்து விலை கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். எத்தனை நாள்? மூன்றுக்குக் குறைவு என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். கடைசி ஒத்திகைகள் கடலில் நடக்குமா, குளத்தோடு முடிந்துவிடுமா? ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? உங்களிடம் இந்தக் கோர்ஸில் மறுபடி வரச்சொல்லி யாரையாவது திருப்பி அனுப்பியதுண்டா? கடைசிக் கேள்விக்கு "எங்ககிட்ட எல்லாரும் பாஸ் மேடம்" என்று பதில் வந்தால் அங்கே சேராதீர்கள். படகில் ஏறியதும் ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்ளாமல் காட்டுகிற இடம் நல்ல இடம்.

ஹாவ்லாக்கிலேயே எடுப்பதானால் அக்டோபருக்குப் பிறகு, கடல் அடங்கியதும் போங்கள். போர்ட் பிளேரிலுள்ள கடற்படை மருத்துவமனையில், நான் சொன்ன அந்த அழுத்தக் கோளாறுக்குச் சிகிச்சை தருகிற அழுத்த அறை இருக்கிறது. ஹாவ்லாக்கிலிருந்து படகில் இரண்டு மணி நேரம். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது இருக்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள். கோர்ஸ் நாட்களில் மேலும் கீழுமாக நிறைய ஏறி இறங்குவீர்கள், ஒரு நாள் முழுசாக விட்டால் இன்னும் நல்லது. புதுச்சேரி என்றால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கட்டும். தண்ணீர் அந்தமான்போலக் கண்ணாடியாக இருக்காது. இந்தக் கோர்ஸுக்குக் கொஞ்சம் கலங்கல் இருப்பது நல்லதுதான், ஆளைத் தேடுவது என்றால் என்ன என்று புரியும்.

அதுவரை அடுத்த சுலப டைவில் கணவரோடு ஒரு காரியம் செய்யுங்கள். டைவ் முடிந்து 50 பார் மிச்சம் இருக்கும்போது, மேல்மட்டத்தில், ரெகுலேட்டர் வாயிலேயே இருக்க, அவர் ஜாக்கெட்டிலுள்ள காற்றை முழுக்க விடச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் டேங்க் வால்வைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்துப் பிடித்து அசையாமல் நின்றால் தண்ணீர் கண் மட்டத்தில் நிற்க வேண்டும், மூச்சை விட்டால் மெதுவாக இறங்க வேண்டும். அதற்கு முன்பே முழுகினால் ஒரு கிலோவை எடுத்து டைவ் மாஸ்டரிடம் கொடுங்கள், மறுபடி பாருங்கள். எட்டில் ஆரம்பித்து எதில் வந்து நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.